கொழும்புக்குப் புதிதாக வந்த கத்தோலிக்கருக்கு: பங்கைத் தேடுவதிலிருந்து பணியில் சேர்வது வரை

யாழ்ப்பாணத்திலிருந்தோ மன்னாரிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வேலைக்கும் படிப்புக்கும் கொழும்புக்கு வருகிறவர்கள் முதல் வாரமே கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய்விடுவார்கள். நல்லதுதான். ஆனால் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். செவ்வாய் கொச்சிக்கடை, புதன் பொரளை, நத்தாருக்குக் கொட்டாஞ்சேனை பேராலயம் என்று பத்து வருடம் ஓடிவிடும். எந்தப் பங்கின் பதிவேட்டிலும் பெயர் இருக்காது. பிள்ளைக்கு ஞானஸ்நானம், தங்கைக்குக் கலியாணம், வீட்டில் ஒரு மரணம் என்று வரும்போதுதான் "நீங்கள் எந்தப் பங்கு?" என்று கேட்பார்கள். அப்போது ஓடித் திரியாமல் இருக்க, வந்த புதிதிலேயே செய்துகொள்ள வேண்டியவற்றை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பங்கு எது என்று பாருங்கள்

ஊரில் இது ஒரு கேள்வியே இல்லை. ஊருக்கு ஒரு கோயில், அதற்கு ஒரு பங்குத்தந்தை. கொழும்பில் நடந்து போகும் தூரத்திலேயே இரண்டு மூன்று கோயில்கள் இருக்கும். பங்கு என்பது எல்லை வகுத்த ஒரு நிலப்பகுதி. நீங்கள் குடியிருக்கும் முகவரி எந்த எல்லைக்குள் வருகிறதோ அதுதான் உங்கள் பங்கு. வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் கோயில் உங்கள் பங்குக் கோயிலாக இல்லாமலும் போகலாம். இந்தப் பக்கம் ஒரு பங்கும் எதிர்ப்பக்கம் இன்னொரு பங்குமாக நடுவில் ஒரு வீதியே எல்லையாக ஓடுவதும் உண்டு.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அருகில் இருக்கும் கத்தோலிக்க ஆலயத்தின் அலுவலகத்தில் வீட்டு இலக்கத்தையும் வீதியின் பெயரையும் சொல்லுங்கள். தங்கள் எல்லையா, பக்கத்துப் பங்கா என்று சொல்லிவிடுவார்கள். அங்கேயும் தெளிவாகாவிட்டால் பொரளை ஞானார்த்த பிரதீபய மாவத்தையில் இருக்கும் பேராயர் இல்லத்தில் விசாரிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: கொழும்பில் புனிதர் பெயர் தாங்கிய எல்லா ஆலயமும் கத்தோலிக்க ஆலயம் அல்ல. மிலாகிரியவில் இருக்கும் புனித பவுல் ஆலயமும், கொள்ளுப்பிட்டிப் பக்கம் பொல்வத்தையில் இருக்கும் புனித மைக்கேல் ஆலயமும் அங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவை. பீடம், மெழுகுதிரி, அங்கி எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். புதிதாக வருபவர் உள்ளே போய் அமர்ந்து, பாதி ஆராதனையில்தான் சந்தேகப்படுவார். போவதற்கு முன் பெயர்ப்பலகையை ஒருமுறை வாசியுங்கள்.

"நான் போர்டிங்கில்தானே இருக்கிறேன், எனக்கு ஏது பங்கு?" என்று மாணவர்கள் கேட்பார்கள். திருச்சபைச் சட்டப்படி ஓரிடத்தில் குறைந்தது 3 மாதம் தங்கும் எண்ணத்தோடு வந்தாலே, அல்லது 3 மாதம் தங்கிவிட்டாலே, நீங்கள் அந்தப் பங்கைச் சேர்ந்தவர். ஊர்ப் பங்கை விட்டுவிட வேண்டும் என்றும் இல்லை. இரண்டும் இருக்கலாம்.

தமிழ்ப் பூசை

கொழும்பு மறைமாவட்டத்தில் சிங்களம் பேசுகிற கத்தோலிக்கரே அதிகம். அதனால் எல்லாப் பங்கிலும் ஒவ்வொரு ஞாயிறும் தமிழ்ப் பூசை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற தமிழர் செறிந்த இடங்களில் தமிழ்ப் பூசை கிடைக்கும். வெளியே போகப் போகக் குறையும். நேரங்களும் மாறிக்கொண்டிருக்கும். இணையத்தில் கிடக்கும் பழைய அட்டவணையை நம்பிக் கிளம்பாமல், கோயில் வாசலில் இருக்கும் அறிவித்தல் பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலைப் பூசையும் ஞாயிறு கடமைக்குச் சேரும். ஞாயிறு வேலைக்குப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் பங்கில் தமிழ்ப் பூசை இல்லையென்றால் என்ன செய்வது? இரண்டு வழி உண்டு. தமிழ்ப் பூசைக்குப் பக்கத்துப் பங்குக்குப் போகலாம், பதிவை உங்கள் பங்கில் வைத்துக்கொள்ளலாம். அல்லது சிங்களப் பூசைக்கே போகலாம். என்னைக் கேட்டால் மாதத்தில் ஒருமுறையாவது இரண்டாவதைச் செய்யுங்கள் என்பேன். ஞாயிறு வாசகங்கள் எல்லா மொழியிலும் ஒன்றேதான். மூன்று வருடச் சுழற்சியில் மத்தேயு, மாற்கு, லூக்கா என்று முறையே வாசிக்கப்படும். சனி இரவு வீட்டில் தமிழில் வாசித்துவிட்டுப் போனால், மறுநாள் சிங்களத்தில் கேட்கும்போது பாதிக்கு மேல் பிடிபடும். பூசையின் ஒழுங்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் சிங்களம் படிக்க இதைவிட நல்ல வகுப்பும் இல்லை. ஜோசப் வாஸ் அடிகளார் 1687இல் இலங்கைக்கு வந்து தமிழும் சிங்களமும் கற்றுத்தான் வேலை செய்தார். அவரைப் புனிதராக அறிவித்த திருப்பலி 2015 ஜனவரி 14 அன்று இதே காலிமுகத்திடலில்தான் நடந்தது.

உள்ளே எப்படி நடந்துகொள்வது என்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாசலில் செருப்புகள் குவிந்திருந்தால் கழற்றுங்கள், இல்லாவிட்டால் போட்டுக்கொண்டே போகலாம். கையில்லாச் சட்டையும் அரைக்காற்சட்டையும் வேண்டாம். நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீர், மருந்து தவிர வேறெதுவும் உட்கொள்ளக் கூடாது. நற்கருணையை முழங்காலிலா நின்றா, கையிலா நாவிலா வாங்குவது என்று குழம்பினால் முன்னால் போகிறவர்களைப் பார்த்துச் செய்யுங்கள். கத்தோலிக்கர் அல்லாத கணவரோ மனைவியோ நண்பரோ கூட வந்தால், நற்கருணை நேரத்தில் அவர் இருக்கையிலேயே இருக்கட்டும். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு நத்தார், பெரிய வாரக் காலங்களில் வாசலில் பைகளைச் சோதிப்பார்கள். அந்த நாட்களில் பெரிய முதுகுப்பையோடு போகாதீர்கள்.

பங்குத்தந்தையைப் போய்ப் பாருங்கள்

பூசை முடிந்ததும் சங்கீர்த்தி (குரு திருவுடை மாற்றும் அறை) வாசலில் ஃபாதரைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அவருக்கு அடுத்த பூசை இருக்கும், சுற்றி நாலு பேர் நிற்பார்கள். "ஃபாதர், நாங்கள் புதிதாக வந்திருக்கிறோம், எப்போது வந்து பதியலாம்?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு வாரநாளில் அலுவலக நேரத்தில் போங்கள். ஃபாதருக்குத் தமிழ் வராவிட்டால் ஆங்கிலத்திலோ உடைந்த சிங்களத்திலோ பேசிச் சமாளிக்கலாம். அல்லது தமிழ்ப் பூசையில் பாட்டுப் பாடுகிறவர்களில் ஒருவரை அழைத்துக்கொண்டு போகலாம். அவர்களுக்கு எல்லோரையும் தெரிந்திருக்கும்.

கையில் கொண்டு போகவேண்டியவை: வீட்டில் இருக்கும் எல்லோருடைய ஞானஸ்நானச் சான்றிதழ்களின் பிரதி, திருமணமானவர் என்றால் திருமணச் சான்றிதழ், ஊர்ப் பங்குத்தந்தையின் கடிதம் இருந்தால் அதுவும். கடிதம் கட்டாயம் இல்லை. ஆனால் இருந்தால் பேச்சு சுலபமாகும். ஊரைவிட்டுக் கிளம்பும்போதே வாங்கிக்கொள்வது நல்லது.

இதை ஏன் முதல் மாதத்திலேயே செய்யச் சொல்கிறேன் என்றால், கத்தோலிக்கப் பாடசாலைச் சேர்ப்புக்குப் பங்குத்தந்தையின் கடிதம் கேட்பார்கள். ஒவ்வொரு வருடமும் விண்ணப்பக் காலத்தில் பல கோயில்களில் திடீரென்று பக்தி கூடும். ஃபாதர்மாருக்கு அது தெரியாமல் இல்லை. முன்பின் பார்த்திராத ஒருவருக்கு "இவர் என் பங்கைச் சேர்ந்தவர், ஒழுங்காகப் பூசைக்கு வருபவர்" என்று அவர் எப்படி எழுதுவார்? அவர் மறுத்தால் கோபித்துக்கொண்டு பயனில்லை.

சான்றிதழ் விஷயம்

புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஞானஸ்நானப் பதிவு நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற கோயிலில்தான் இருக்கும். நீங்கள் எங்கே போய்க் குடியேறினாலும் அது நகராது. பிற்பாடு உறுதிபூசுதல் பெற்றாலும், திருமணம் செய்தாலும், அந்தத் தகவல் அந்தப் பழைய பதிவேட்டுக்கே அனுப்பப்பட்டு ஓரத்தில் குறிக்கப்படும். அதனால்தான் திருமணத்துக்குப் போகும்போது அம்மா பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய சான்றிதழ் போதாது என்கிறார்கள். அது நீங்கள் குழந்தையாக இருந்தபோது எழுதியது, அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அதில் இருக்காது. கடந்த 6 மாதத்துக்குள் எடுத்த புதிய பிரதியைக் கேட்பார்கள். கலியாணத் தேதி குறித்தபின் முல்லைத்தீவுக்கோ தலைமன்னாருக்கோ ஃபோன் எடுத்துக்கொண்டிருப்பதைவிட, முன்கூட்டியே ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். முழுப் பெயர், பிறந்த திகதி, தாய் தந்தை பெயர், ஞானப்பெற்றோர் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதை எழுதிக் கொடுத்தால் தேடுகிறவருக்கு வேலை மிச்சம்.

மறைமாவட்டம் மாறியிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மன்னார் மறைமாவட்டம் 1981இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. மட்டக்களப்பு 2012இல் திருகோணமலையிலிருந்து தனியானது. இப்படி எல்லைகள் மாறினாலும் பதிவேடு அந்தக் கோயிலோடுதான் இருக்கும். கோயிலைத் தேடுங்கள், மறைமாவட்டத்தை அல்ல.

சரி, யுத்தத்தில் கோயிலே இடிந்து பதிவேடும் போய்விட்டது என்றால்? வன்னியிலிருந்து வந்த பலருக்கு இதுதான் நிலைமை. இதற்கும் திருச்சபைச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஞானஸ்நானம் நடந்ததை நேரில் கண்ட நம்பகமான ஒருவரின் சாட்சி போதும். தாயோ ஞானத்தகப்பனோ அத்தையோ, யாராகவும் இருக்கலாம். வயது வந்தபின் ஞானஸ்நானம் பெற்றவராக இருந்தால் அவருடைய சத்தியவாக்கே போதும். பதிவேடு தொலைந்துவிட்டது என்பதற்காக யாரும் மறுபடி ஞானஸ்நானம் பெறத் தேவையில்லை, அது ஒருமுறைதான். அலுவலகத்தில் இருப்பவர் "சான்றிதழ் இல்லாமல் முடியாது" என்று ஒரேயடியாகச் சொன்னால், பங்குத்தந்தையை நேரில் கண்டு நிலைமையை விளக்குங்கள். பார்த்த சாட்சி உயிரோடு இருக்கும்போதே அதை எழுதி வாங்கி வையுங்கள். அந்த வயதானவர்கள் நம் வசதிக்குக் காத்திருக்க மாட்டார்கள்.

திருமணம் பற்றி இரண்டே வார்த்தை. குறைந்தது 6 மாதம் முன்பே பங்குக்குச் சொல்லுங்கள். ஆயத்த வகுப்பு இருக்கிறது, ஓலை (திருமண அறிவித்தல்) கோயிலில் வாசிக்க வேண்டும், மாப்பிள்ளையோ பெண்ணோ கத்தோலிக்கர் அல்லாதவர் என்றால் பேராயரின் அனுமதி பெற வேண்டும். மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிட்டுக் கோயிலுக்கு வருகிறவர்கள்தான் ஃபாதரோடு சண்டை பிடிக்கிறார்கள். ஞானஸ்நானத்துக்கு வந்தால், ஞானப்பெற்றோருக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும், உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். நெருங்கிய நண்பர் என்பதற்காக யாரையும் வாக்குக் கொடுத்து அழைத்துவிட்டு, பிறகு சங்கடப்படாதீர்கள்.

அன்பியத்துக்குப் போங்கள்

பதிந்தபின் உங்கள் வீதியில் அன்பியம் இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்து வீடுகள் சில சேர்ந்து மாறி மாறி ஒவ்வொரு வீட்டிலும் கூடுவார்கள். செபமாலை, ஒரு வாசகம், கொஞ்சம் பேச்சு, அப்புறம் பிளேன்டீயும் பிஸ்கட்டும். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று தெரியாமல் வாழும் கொழும்பில், உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் கதவைத் தட்டப்போவது இவர்கள்தான். சில இடங்களில் அன்பியம் சிங்களத்திலும் தமிழிலும் கலந்து நடக்கும். அருள்நிறை மரியே செபத்தை பாதி சிங்களத்திலும் மறுபாதி தமிழிலும் சொல்வார்கள். முதல் நாள் விசித்திரமாக இருக்கும், பிறகு பழகிவிடும். உங்கள் வீட்டின் முறை வரும்போது வீடு சிறியது என்று தட்டிக்கழிக்க வேண்டாம். போர்டிங் அறையில் பாய் விரித்து நடத்தியவர்களும் உண்டு.

பணி செய்ய விருப்பமா?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். ஊரில் நீங்கள் பாடகர் குழுவின் தலைவராக இருந்திருக்கலாம். இங்கே அந்த ஹார்மோனியத்துக்குப் பின்னால் இருபது வருடமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். வாசகம் வாசிப்பதற்கும் ஒரு பட்டியல் இருக்கும். வந்த மாதமே "எங்கள் ஊரில் இப்படிச் செய்வோம்" என்று ஆரம்பித்தால் யாருக்கும் பிடிக்காது. யாரும் போட்டி போடாத வேலையில் தொடங்குங்கள். திருவிழா முடிந்தபின் கதிரை அடுக்க, தோரணம் அவிழ்க்க, கோயிலைக் கூட்ட எப்போதும் ஆள் தேவை.

தமிழர்களுக்கென்றே கொழும்புப் பங்குகளில் ஒரு வேலை காலியாக இருக்கிறது: நல்ல தமிழ் எழுதுவது. அறிவித்தல்கள் சிங்களத்தில் தயாராகி, கடைசி நேரத்தில் யாரோ அவசரமாகத் தமிழாக்குவார்கள். பிழைகள் சிரிப்பாகவும் இருக்கும், வருத்தமாகவும் இருக்கும். விசுவாசிகள் மன்றாட்டு, திருவிழாத் துண்டுப்பிரசுரம், ஞாயிறு அறிவித்தல் இவற்றை வெள்ளிக்கிழமையே வாங்கித் திருத்தித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், மறுக்கிற ஃபாதர் இருக்க மாட்டார். அதேபோலத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்க ஆசிரியர்கள் கிடைப்பதும் கஷ்டம். பிள்ளைகளோடு வேலை செய்யும்போது தனியாக ஒரு பிள்ளையோடு கதவைச் சாத்திக்கொண்டு இருக்காதீர்கள். இன்னொரு பெரியவர் எப்போதும் கூட இருக்கட்டும்.

ஆட்களைச் சந்திக்கும் பணி பிடிக்கும் என்றால் வின்சென்ட் டி போல் சபை, மரியாயின் சேனை இரண்டையும் விசாரியுங்கள். முன்னது 1833இல் பாரிசில் மாணவர்கள் சிலர் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் அதன் வேலை. பின்னது 1921இல் டப்ளினில் பிறந்தது. செபத்தோடு வீடு சந்திப்பும் உண்டு. இரண்டிலும் வாராந்தக் கூட்டம், கணக்கு, அறிக்கை என்று ஒரு ஒழுங்கு இருக்கும். ஒழுங்கு பிடிக்காதவர்களுக்குச் சலிப்பாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், மஹரகம அபேக்‌ஷா வைத்தியசாலை. வடக்கு, கிழக்கு, மலையகத்திலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வருகிற தமிழர்கள் அங்கே நிறையப் பேர். மொழி தெரியாமல், துணைக்கு வந்தவர் எங்கே தங்குவது என்று தெரியாமல் நிற்பார்கள். பார்வையாளர் நேரத்தில் போய், மருந்துச் சீட்டில் இருப்பதைச் சொல்லிக் கொடுத்து, வெளியே ஒரு பொருள் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாலே போதும். செபம் சொல்லச் சொன்னால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் திணிக்காதீர்கள். நோயில்பூசுதல் வேண்டும் என்று கேட்டால் உடனே ஒரு குருவுக்குத் தெரிவியுங்கள். அது சாகக்கிடப்பவர்களுக்கு மட்டும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். கடும் நோய்க்காரர் எவரும் பெறலாம், பெரிய சத்திரசிகிச்சைக்கு முன்பும் பெறலாம்.

திருத்தலங்கள்

கொச்சிக்கடைக்குச் செவ்வாய்க்கிழமை எப்போது போனாலும் கூட்டம். கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவர்களும் பௌத்தர்களும் வருவார்கள். அமைதியாகச் செபிக்க வேண்டுமென்றால் வேறு நாளில் போங்கள். திருவிழா ஜூன் 13. அன்று ஜம்பட்டா வீதிப் பக்கம் வாகனத்தில் போக நினைக்காதீர்கள். பொரளை சகல புனிதர்கள் ஆலயத்தில் சதா சகாய மாதா நவநாள் புதன்கிழமை. புனித லூசியா பேராலயத் திருவிழா டிசம்பர் 13ஐ ஒட்டி வரும். மடுவுக்கு ஆகஸ்ட் 15 பெருநாளுக்குப் போகிறவர்கள் பங்குகளிலிருந்து பஸ் ஒழுங்கு செய்வார்கள். இடம் பிடிக்க முந்திக்கொள்ளுங்கள்.

மரணம் நடந்தால்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, நடக்கும்போதுதான் தெரியும். கொழும்பில் உடலைப் பெரும்பாலும் மலர்ச்சாலையில் வைப்பார்கள். மலர்ச்சாலைக்காரர் அடக்க நேரத்தைக் கேட்பார், நீங்கள் ஒன்றைச் சொல்வீர்கள், அது உடனே மரண அறிவித்தலில் ஏறி ஃபேஸ்புக்கிலும் போய்விடும். அதற்குப் பிறகு ஃபாதருக்கு ஃபோன் எடுத்தால் அவருக்கு அந்த நேரம் வேறு பூசை இருக்கும். முதல் ஃபோன் பங்குக்குத்தான் போக வேண்டும், நேரத்தை அவரோடு பேசியபின் மற்றவருக்குச் சொல்லுங்கள். தமிழில் பூசை வேண்டுமென்றால் அப்போதே கேளுங்கள், தமிழ் தெரிந்த குரு ஒருவரை ஒழுங்கு செய்ய நேரம் வேண்டும். கல்லறை பொரளை கனத்தையா, மாதம்பிட்டியா, ஊருக்குக் கொண்டுபோவதா என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். ஊருக்கென்றால் ஊர்ப் பங்குத்தந்தைக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். தகனம் செய்யத் திருச்சபை 1963 முதல் அனுமதிக்கிறது. ஆனால் சாம்பலைக் கடலில் கரைக்கக் கூடாது, அடக்கம் செய்யப்பட வேண்டும். கலப்புத் திருமணக் குடும்பங்களில் இதில் மனஸ்தாபம் வருவதுண்டு, வீட்டில் முன்பே பேசி வைத்தால் நல்லது.

கடைசியாக ஒன்று. கொழும்பில் வாடகை வீடு மாறிக்கொண்டேதான் இருப்போம். வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைக்குப் போனாலே பங்கு மாறிவிடும். போகும்போது பழைய பங்கில் சொல்லிவிட்டு, அன்பியத்தாரிடம் விடைபெற்று, ஃபாதரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். புதிய பங்கில் அந்தக் கடிதத்தை நீட்டினால் விசாரணை பாதியாகக் குறையும்.